தொந்தரவு செய்யாதீர்கள்

பேருந்து ஓட்டிய காலத்தில் மெலெரி தினமும் யாரிடமாவது கத்துவாள். நர்சிங் படித்தால் சாந்தம் வந்துவிடும் என்று நம்பித்தான் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டுக்கு வந்தபோது கத்தல் அப்படியே இருந்தது. கத்த நேரம்தான் இல்லை.

பயிற்சி மாணவியை வார்டின் ஆள்கணக்கில் சேர்க்கக் கூடாது, அவள் கற்றுக்கொள்ள வருகிறவள் என்று கல்லூரியில் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். வடக்கு வேல்ஸில் அவள் பயிற்சிக்கு வந்த எலும்பு சிகிச்சை வார்டில், பொறுப்பாளர் சிஸ்டர் கிளெனிஸ் காலையில் ஆட்களை எண்ணும்போதெல்லாம் விரல் மெலெரியிடம்தான் வந்து நிற்கும். ஆகவே அவள் தேநீர் ஊற்றவும் படுக்கை விரிக்கவும் கழிவுச் சட்டியைச் சிந்தாமல் தூக்கவும் கரைகண்டாள். படுக்கை படுக்கையாக மருந்து கொடுத்துப் போகும் ரவுண்ட்ஸை மட்டும், மேற்பார்வையாளர் ஈவன் பக்கத்தில் நின்று பார்க்க, ஒருமுறைகூட முழுதாகச் செய்ததில்லை. அதைச் செய்து காட்டாவிட்டால் இரண்டாம் ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து. இந்த வார்டில் இன்றுதான் கடைசி நாள்.

மருந்து கொடுப்பவர் ஒரு சிவப்பு மேலங்கி மாட்டிக்கொள்வார். முன்னாலும் பின்னாலும் 'மருந்து வழங்கப்படுகிறது, தொந்தரவு செய்யாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை மாட்டியவரைப் பார்த்தால்தான் எல்லோருக்கும் பேச்சு வரும். இன்று மெலெரி அதை மாட்டிக்கொண்டு முதல் படுக்கையைத் தாண்டுவதற்குள் ஒருவர் பூச்சாடி கேட்டார், இன்னொருவர் மழை நின்றுவிட்டதா என்று கேட்டார்.

"காது கேக்காத மாதிரி இரு," என்றார் ஈவன்.

"என் புருஷன்கிட்ட பழகினதுதான், முடியும்."

இரண்டாவது படுக்கைக்காரருக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை. அளவு தவறினால் விபரீதம். அவள் அவருடைய கைப்பட்டையில் பெயரைப் படித்துக்கொண்டிருந்தபோது அடுத்த படுக்கையிலிருந்து எம்ரிஸ் கூப்பிட்டார். இடுப்பெலும்பு மாற்றிய கிழவர். தனியாக எழுந்திருக்கக் கூடாது.

"அம்மாடி, கொஞ்சம் அவசரம்மா. பாத்ரூம்."

"திரும்பாத," என்றார் ஈவன் மெதுவாக. "கையில என்ன இருக்குன்னு நினைச்சுக்க."

எம்ரிஸின் அழைப்பு மணி அடித்தது. மறுபடி அடித்தது. மேசையில் தொலைபேசியைக் காதில் அணைத்தபடியே சிஸ்டர் குரல் கொடுத்தாள்.

"மெலெரி! மூணாம் பெட்ல மணி அடிக்குது பாரு கண்ணு!"

மெலெரி திரும்பவில்லை. ஆனால் பேருந்துக் குரல் வந்துவிட்டது.

"சிஸ்டர், என் முதுகுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க!"

"எனக்குப் படிக்கத் தெரியும்டீ! அனுப்ப ஆள்தான் இல்ல!"

"நானும் ஆள் இல்ல! வந்த நாள்லேருந்து என்னை வச்சு ஓட்டைய அடைச்சுக்கிட்டிருக்கீங்க! இன்னிக்கு நீங்க போங்க!"

எதிர்ப் படுக்கைக்காரர் டோஸ்ட்டைக் கடித்தபடியே நிறுத்திவிட்டார். சிஸ்டர் தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் தரையில் சொட்டும் சத்தம் கேட்டது.

மெலெரி தன் முன்னாலிருந்தவரிடம் பிறந்த தேதியைக் கேட்டாள். ஒவ்வாமை உண்டா என்று கேட்டாள். மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை நின்றாள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. அப்படியே மீதிப் படுக்கைகளையும் முடித்து வண்டியைப் பூட்டினாள்.

"தேறிட்ட," என்றார் ஈவன். "ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கல. பிரமாதம்!"

இந்தச் சொல்லுக்காக எத்தனை வாரம் ஏங்கியிருந்தாள்! இப்போது அந்த மருந்து வண்டியை அவர் காலில் ஏற்றலாம் போலிருந்தது.

"அதைப் பாராட்டாதீங்க ஈவன். தயவுசெஞ்சு அதைப் பாராட்டாதீங்க."

மேலங்கியை உருவி எறிந்துவிட்டு எம்ரிஸிடம் போனாள். அவருக்கு உடை மாற்றியாகிவிட்டது. சிஸ்டர் தரையில் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பரீட்சைன்னு தெரியாதும்மா," என்றார் எம்ரிஸ். "தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் அடக்கிப் பார்த்திருப்பேன்."

"நீங்க ஏன் அடக்கணும்? நீங்க என்ன அணைக்கட்டா?" என்று கத்தினாள். கத்தும்போதே கண் நிறைந்துவிட்டது. அவர் சிரித்தார். அவள் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் தலை நிமிராமலே கேட்டாள். "சனிக்கிழமை வருவியா? ரெண்டு பேர் குறையுது. உதவியாளர் வேலை, சம்பளம் உண்டு."

மெலெரி எம்ரிஸின் கையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "வர்றேன். இப்ப நீங்க எங்கூட வாங்க. மேல் மாடிக்கு, மேனேஜர்கிட்ட."

"ஆள் கேட்டு எத்தனையோ மெயில் அனுப்பியாச்சு. வார்டை விட்டுட்டு எப்படிடீ வர்றது?"

"நான் பார்த்துக்கிறேன்," என்றார் ஈவன், பின்னாலிருந்து. "ரெண்டு பேரும் போங்க."

சிஸ்டர் கட்டிலைப் பிடித்து எழுந்தாள். கால்சட்டை முழங்காலிரண்டிலும் ஈரம். "இரு, மாத்திட்டு வந்துடறேன்."

"வேண்டாம் சிஸ்டர். இப்படியே வாங்க. அவங்க பார்க்கட்டும்."