உயிரோடு இருப்பவனின் படம்

“பேரு?” என்றார் சின்னப்பிள்ளை. புதுச்சேரியில் கல்லச்சுக்கூடம் நடத்துகிறவர்.

“நடேசன். வில்லியனூர்.”

“படிப்பு?”

“விளம்பரம். சென்னையில ஒரு வருஷமா படிக்கிறேன்.”

சின்னப்பிள்ளை அச்சுக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “அதுக்குப் படிப்பு வேற இருக்குதா? எங்க தெருவுல மோர் விக்கிறவ ஒரு நாளும் படிச்சதில்ல. அவ குரல் கேட்டா புள்ளைங்க சொம்பைத் தூக்கிக்கினு ஓடுது.”

“அவ குரல் தெருமுனையோட நின்னுடும். நான் போடுற காயிதம் நான் போவாத ஊருலயும் பேசணும். எழுத்துத் தெரியாதவன்கூட அதைப் பார்த்து நிக்கணும், புரிஞ்சிக்கணும், அது கேக்கறதைச் செய்யணும். அப்படி ஒண்ணு செஞ்சிடணும்னுதான் ஆசை.”

“ஆசை பெருசாத்தான் இருக்குது. இன்னா விக்கப் போற?”

“விக்கல. எங்க அக்கா வூட்டுக்காரரைத் தேடறேன்.”

சின்னப்பிள்ளை அதற்கு மேல் கேலி பேசவில்லை.

அக்கா கஸ்தூரியின் கணவன் தங்கவேல், மார்கழி மாதம் கரும்பு வண்டியை ஆற்றில் இறக்கினான். மேலே எங்கோ பெய்த மழைக்கு வெள்ளம் ஏறிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. வண்டி சாய்ந்தது. ஒரு மாடு நுகத்தடியோடு மூழ்கிச் செத்தது. ஈர வேட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து அவன் தாய் விருத்தாம்பாள், “அதுக்குப் பதிலா நீ போயிருக்கக் கூடாதா?” என்றாள். அவன் அப்படியே திரும்பி நடந்தான். மாசி பிறந்தும் வரவில்லை.

தங்கவேலுக்குப் புகைப்படம் கிடையாது. நடேசன் நினைவிலிருந்துதான் வரைந்தான். கல்லச்சில் வரைவது தாளில் வரைவது போல இல்லை. வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புக் கலந்த மைக்கட்டியால் வரையவேண்டும். பிறகு கல்லை நீரால் துடைத்தால், கோடு இருக்கும் இடம் நீரை ஏற்காது, மற்ற இடமெல்லாம் ஈரமாகிவிடும். அதன் மேல் மை உருளையை ஓட்டினால் ஈரத்தில் மை ஒட்டாது, கோட்டில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான் மொத்த வித்தையும். ஒரே ஒரு தொல்லை, தாளில் எல்லாம் இடம் வலமாக விழும். தங்கவேலின் இடக் கன்னத்து மச்சத்தைக் கல்லில் வலக் கன்னத்தில் வைத்தால்தான் தாளில் அது இடக் கன்னத்துக்கு வரும்.

முகம், மார்பளவு, நேர்ப்பார்வை. கீழே ‘காணவில்லை’ என்ற சொல்லும் வில்லியனூர் முகவரியும். சுற்றிலும் தடித்த கறுப்புக் கரை.

“இந்தக் கரையை வெள்ளைக்காரங்க சாவுச்சீட்டுக்குத்தான் போடுவேன்பா,” என்றார் சின்னப்பிள்ளை.

“எங்க ஊருக்கு எவன் சாவுச்சீட்டு அனுப்பறான்? சாவுன்னா மோளம் அடிச்சிச் சொல்லுவாங்க. வெள்ளைச் சுவத்துல கண்ணைப் பிடிச்சி நிறுத்தறதுக்குக் கறுப்புக் கட்டத்தை விட்டா வேற இல்ல.”

அவன் சொன்னதில் தப்பில்லை. கறுப்புக் கட்டம் கண்ணைப் பிடித்து நிறுத்தத்தான் செய்யும்.

பசையையும் அவனே காய்ச்சினான். கோதுமை மாவில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது, மழைக்கும் சீக்கிரம் உரியாது. வில்லியனூர் சந்தைச் சுவர், ரயிலடி, பிரெஞ்சு எல்லையில் மடுகரைச் சாவடி, காட்டேரிக்குப்பம் குளத்து மண்டபம் என்று எங்கும் ஒட்டினான்.

சந்தை நாளில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தான். கத்தரிக்காய்க் கூடையோடு போனவள் நின்றாள். மாடு ஓட்டி வந்தவர்கள் நின்றார்கள். அவன் நெஞ்சு விம்மியது. அப்போது ஒரு பெரியவர் தலைமுண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கூடைக்காரி கூடையை இறக்கி, “சின்ன வயசு,” என்று உச்சுக்கொட்டினாள். யாரோ படத்தின் மேல் ஒரு சாமந்திப் பூவைச் செருகிவிட்டுப் போனார்கள்.

நடேசனுக்கு விளங்க நேரமானது. அந்த ஊர்களில் மனிதமுகம் படமாக இருப்பது பெரிய பண்ணை வீடுகளின் கூடத்தில் மட்டும்தான். இறந்துபோன தகப்பன், பாட்டன், கறுப்பு மரச்சட்டத்துக்குள் மார்பளவில் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உயிரோடு இருப்பவனைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே சட்டத்துக்குள் ஒரு முகம் இருந்தால் அந்த ஆள் இல்லை என்று பொருள். கீழே இருந்த எழுத்தைப் படித்த சிலரும், ‘காணவில்லை’ என்பது குடும்பத்தார் மரியாதைக்குப் போட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவன் அக்கா வீட்டுக்குத் திரும்புவதற்குள் மடுகரையிலிருந்து உறவுப் பெண்கள் மாரடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள். கஸ்தூரி சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விருத்தாம்பாள் அழவில்லை. “சேதி வந்துதான்டா படம் போட்ட? மறைக்காத.”

“இல்ல அத்தை. தேடத்தான் போட்டேன்.”

“மாட்டுக்குப் பதிலா போவச் சொன்னேன். போயிட்டான்.” அவள் தரையைப் பார்த்தே பேசினாள். “அவன் அலையக் கூடாது. செய்ய வேண்டியதைச் செஞ்சிடணும்.”

வரும் அமாவாசைக்குக் கருமாதி என்று பங்காளிகள் பேசி முடித்தார்கள். அன்று கஸ்தூரியின் கழுத்திலிருந்து தாலியை வாங்கிவிடுவார்கள்.

ஒட்டியதைக் கிழித்தால் ஊர் நடேசனைத்தான் ஏசும். வாயால் மறுத்தாலும் நம்பமாட்டார்கள். படம் சொன்னதைப் படத்தால்தான் மறுக்க முடியும். ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறான் என்பதை எழுத்தில்லாமல் எப்படி வரைவது? சென்னை வகுப்பில் சோப்பு, தைலம், தேயிலை எல்லாம் வரையக் கற்றிருந்தான். இதைக் கற்கவில்லை.

சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டான். “அக்கா, மாமாவை நெனச்சா உனக்கு இன்னா தெரியுது?”

கதவுக்கு உள்ளிருந்து, “நீ போட்ட மாதிரி இல்ல,” என்றாள். “அது எங்கடா ஒரு எடத்துல நின்னு மூஞ்சியைக் காட்டிச்சி? ஒரு கையில வேட்டியைத் தூக்கிப் பிடிச்சிக்கினு, மாட்டைத் திட்டிக்கினு, வண்டி பின்னால ஓடும். செருப்பைக் கையில வெச்சிக்கினு ஓடும், தேஞ்சிடுமாம்.” உள்ளே சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றுபோனது.

மறுநாள் சின்னப்பிள்ளை பழைய படத்தைக் கல்லிலிருந்து மணல் போட்டுத் தேய்த்து அழித்தார். நடேசன் தலையிலிருந்து பாதம் வரை முழு ஆளாக வரைந்தான். வேட்டியைத் தூக்கிப் பிடித்த ஒரு கை, செருப்பு வைத்த இன்னொரு கை, திறந்த வாய். கால்கள் தரையில் பதிந்திருந்தன. பேய்க்குக் கால் தரையில் பாவாது, நிழல் விழாது என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். அதனால் காலடியில் கனமாக நிழலைப் போட்டான். கரை போடவே இல்லை. எங்கே சேதி சொல்வது என்பதற்கு மூலையில் வில்லியனூர்க் கோபுரத்தை வரைந்து, ஓடுகிறவனை அதைப் பார்த்து ஓடவிட்டான். கல்லில் எல்லாமே எதிர்த்திசையில் இருந்தன. அங்கே தங்கவேல் ஊரை விட்டு ஓடுவது போலத் தெரிந்ததை நடேசன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தாளை உரித்தபோதுதான் தங்கவேல் ஊர்ப்பக்கம் திரும்பினான்.

“இது யாரோ மாட்டைத் தொலைச்சவன்,” என்றார் சின்னப்பிள்ளை. காலடி நிழலைக் குனிந்து பார்த்து, “பொழைச்சிருக்கிறவன்தான்,” என்றார்.

புதுப் படத்தை முதலில் வில்லியனூர்ச் சந்தையிலும் ரயிலடியிலும் ஒட்டினான் நடேசன். அமாவாசைக்கு முந்தின நாள், அதைப் பார்த்த பக்கிரி என்ற வண்டிக்காரர் கோபுரத்தடியில் வந்து விசாரித்தார். “மூஞ்சி எனக்குத் தெரியலப்பா. ஆனா செருப்பைக் கையில வெச்சிக்கினு நடக்கிற ஒருத்தன் இருக்கான். மடுகரைக்கு அந்தாண்ட, இங்கிலீஷ்காரன் எல்லையில, வெல்ல ஆலையில அடுப்பெரிக்கிறான்.”

கஸ்தூரி அப்போதே கிளம்பினாள். நடேசனும் கூடப் போனான்.

ஆலையில் கொப்பரைக்குக் கீழே கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தவன் தாடியும் கரியுமாக இருந்தான். அவர்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கஸ்தூரியின் கழுத்தைத்தான் பார்த்தான். தாலி இருந்தது.

“இன்னும் எடுக்கலையா?” என்றான்.

“எடுக்கறதுக்கு நாள் குறிச்சிருக்குது. நாளைக்கி.”

அவன் தீயைக் கிளறினான். “போன சந்தை அன்னிக்கி வூட்டுக்குக் கிளம்பினேன். சாவடிகிட்ட கூட்டம். சுவத்துல என் மூஞ்சி, பூ வெச்சிருக்குது. பக்கத்துல நின்னவன் முண்டாசை எடுத்தான். நானும் எடுத்துட்டேன். அம்மா சொன்ன மாதிரியே முடிச்சிட்டாங்க, தலை முழுகிட்டாங்கன்னு திரும்பிட்டேன். ஒருத்தன்கூட என்னைத் திரும்பிப் பார்க்கல.”

“அது நான் போட்டது மாமா,” என்றான் நடேசன். “தேடறதுக்குப் போட்டேன்.”

“நல்லாத்தான்டா தேடின மாப்ள.” அதில் கோபம் இல்லை.

“உங்க அம்மா தானே உங்களைச் சாவுக்கு அனுப்பினதா நெனச்சிக்கினு சோறு துன்றதில்ல,” என்றாள் கஸ்தூரி. “வர்றதுன்னா வாங்க. வரலைன்னா அதை நாளைக்கி வந்து உங்க வாயாலயே சொல்லிட்டுப் போங்க. செத்துட்டீங்கன்னு நான் சொல்லமாட்டேன்.”

அவன் அடுப்பை இன்னொரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு முகம் கழுவினான்.

மடுகரைச் சாவடிச் சுவரில் பழைய படம் அப்படியே இருந்தது. தங்கவேல் நின்று, பக்கத்துக் குளத்தில் துண்டை நனைத்து வந்து அதன் மேல் பிழிந்தான். நகத்தால் சுரண்டினான். நடேசனின் பசை லேசில் விடவில்லை. மூவரும் சேர்ந்து சுரண்டினார்கள். நெற்றி வந்தது, ஒரு கண் வந்தது.

புல்லுக்கட்டோடு போன ஒரு பெண் நின்றாள். “செத்தவன் படத்தைக் கிழிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?”

“என் படம்தாம்மா,” என்றான் தங்கவேல் திரும்பாமல்.

அவள் புல்லுக்கட்டை இறக்கவில்லை, போகவும் இல்லை. வாயும் கழுத்தும் மிச்சம் இருந்தன. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது.

“மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்,” என்றான் நடேசன். “நீங்க ரெண்டு பேரும் நடங்க. அத்தை இன்னிக்காவது சாப்பிடட்டும்.”