ஷிமோனாய் குனிந்த வரலாறு

ஹெய்சேய் இருபத்தெட்டாம் ஆண்டு, அதாவது இரண்டாயிரத்துப் பதினாறு, நவம்பர் பதினேழாம் தேதி வியாழக்கிழமை, மாலை ஐந்து மணியாவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில், ஷிமோனாய் நகரம் தலைநகர் இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்துப் பதினைந்து பாகை குனிந்தது. நகராட்சிக் கட்டடம், மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் கோபுரம், மின்கம்பங்கள், லார்ச் மரங்கள், நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டுக் குடிமக்கள் என்று நின்றுகொண்டிருந்த யாவும் குனிந்தன. படுத்திருந்தவர்கள் எழுந்த பிறகு குனிந்தார்கள். எதுவும் உடையவில்லை. பொதுக் குளியலறைத் தொட்டியில் வெந்நீர் தெற்கு ஓரத்தில் கழுத்துவரையும் வடக்கு ஓரத்தில் முழங்கால்வரையும் நின்றதால், வயதானவர்கள் வடக்கே உட்காருவது என்று அன்றைக்கே பேசி முடிவானது. மிசோ சூப்பை அரைக் கிண்ணத்துக்கு மேல் ஊற்றக் கூடாது என்று கற்றுக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. இடுப்பில் ஒட்டும் மருந்துப் பட்டை எண்ணூற்று எண்பது யென்னிலிருந்து தொள்ளாயிரத்து எண்பதுக்கு ஏறியது, பிறகு இறங்கவில்லை. தச்சர் ஒருவர் தூக்குக்குண்டு கட்டி அளந்து, சரியாகப் பதினைந்து பாகை என்றார். குனிந்து வணங்குவதற்கு எங்கள் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் அளவு அது. பதினைந்து தெரிந்தவருக்கு, முப்பது மரியாதைக்கு, நாற்பத்தைந்து மன்னிப்புக்கு.

காரணம் நுமாகுரா கினுயேயின் வலது மணிக்கட்டு. அவள் நகராட்சியின் தொழில் வளர்ச்சிப் பிரிவுக்குத் தலைவி. பிரிவில் அவளையும் சேர்த்து இரண்டு பேர். மீனவர்களுக்கு ரப்பர் கையுறை செய்யும் ஆலை ஒன்றுதான் ஊரில் மிச்சமிருந்தது, அதையும் அடுத்த மார்ச் கடைசியில் மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அங்கே வேலை செய்த முப்பத்தெட்டுப் பேரில் மேற்பார்வைக்காரி இகாரி சுஜுவும் ஒருத்தி. கினுயேயும் அவளும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. புருஷன் போன பிறகு சுஜுவுக்கு ஆலையும் கினுயேயும்தான் ஊர். ஆலை போனால் நாகோயாவில் மகன் வீட்டுக்குப் போவதைத் தவிர வழியில்லை. அந்த வீட்டைப் பற்றி அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மருமகளின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் மூன்று பாய் விரிக்கிற இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம், மிஷின் நடு இரவில் ஓடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம்.

ஆகவே கினுயே ஒரு திட்டம் எழுதினாள். பிள்ளைகள் இல்லாமல் மூடிக்கிடந்த நடுநிலைப் பள்ளியைப் பூசணிக்காய் வெட்டி உறையவைக்கும் கூடமாக மாற்றுவது, முப்பத்தெட்டுப் பேருக்கு வேலை கொடுப்பது, அதற்கு அமைச்சகத்தின் உள்ளூர்ப் பொருளாதார மானியத்தைக் கேட்பது. நகரம் அதற்கு முன்பு ஆறு முறை மானியம் கேட்டிருந்தது. ஆறையும் தலைநகரிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது விண்ணப்பத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் ஷிமோனாய் என்று இருக்க வேண்டிய இடத்தில் தெற்கே ஆரஞ்சு விளையும் வேறொரு நகரத்தின் பெயர் இருந்தது. அமைச்சகத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு அதிக வருத்தம். ஏழாவதை கினுயே தானே எழுதினாள். இருநூற்றுப் பதினான்கு பக்கம்.

எங்கள் அலுவலகங்களில் ஒரு காகிதம் கீழேயிருந்து மேலே போகும்போது, எழுத்தர் தொடங்கி மேயர்வரை ஆளுக்கொரு கட்டத்தில் தத்தம் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். பெரியவரின் கட்டம் இடது ஓரத்தில் இருக்கும். சின்னவர் தன் முத்திரையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக் குத்தினால், அது பெரியவருக்குத் தலை தாழ்த்துவதுபோல் இருக்கும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. நேராகக் குத்துகிறவனுக்குப் பதவி உயர்வு வருவதும் இல்லை. கினுயே முப்பத்தைந்து ஆண்டுகள் சாய்த்தே குத்தியவள். ஆனால் இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கும் நகரத்தின் சதுர முத்திரை வேறு சங்கதி. நகரம் யாருக்கும் எழுத்தர் இல்லை, அதன் முத்திரை நேராகத்தான் விழ வேண்டும்.

கடைசி நாள் தபால் வண்டி வாசலில் நின்றது. விண்ணப்பம் கிளம்புவதைப் பார்க்க சுஜு ஆலையிலிருந்து நேரே வந்திருந்தாள், கையில் ரப்பர் வாடையோடு.

"முப்பத்தெட்டு பேருன்னு எழுதியிருக்கியே, அதுல நான் இருக்கேனா?"

"எண்ணிக்கைதான்டி கேக்குறாங்க. பேரு எழுத எடமில்ல."

"சரி, அப்ப முப்பத்தெட்டாவது ஆளு நான்னு மனசுல வச்சுக்கிட்டுக் குத்து. முண்டியடிச்சு முன்னால நிக்க எனக்கு வராது."

கினுயே மனசில் வைத்துக்கொண்டாள். முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினாள். யாருக்காகவாவது கெஞ்சும்போது கை தானாகச் செய்வதை அவள் கை செய்தது. மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை தெற்கே நகர்ந்து விளிம்பில் நின்றது. இருவரும் குனிந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடி பண்ணின?"

"சாஞ்சிருச்சு."

"அப்ப நேரா இன்னொண்ணு குத்திவிடேன்."

"ரெண்டு முத்திரை விழுந்தா தாளே செல்லாதுடி."

விண்ணப்பத்தோடு வண்டி கிளம்பிவிட்டது.

ஜனவரியில் அமைச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. விண்ணப்பத்தை முன்னோக்கிய மனத்தோடு பரிசீலிக்கிறோம் என்று ஓர் இளம் குரல் மிகப் பணிவாகச் சொன்னது. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இதன் பொருள் தெரியும். முடியாது என்று நேரே சொல்வது மரியாதைக் குறைவு என்பதற்காக எங்கள் நாடு கண்டுபிடித்த வாக்கியம் அது. ஆனால் ஆலைப் பெண்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சாப்பாட்டு வேளையில் அவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள், சொல்லச் சொல்ல நன்றாகவே இருந்தது. சுஜு மட்டும் கினுயேயைத் தேடி வந்தாள்.

"ஆபீஸ் பாஷை எனக்கு வேணாம். ஆமாவா, இல்லையா?"

"இல்லைன்னு சொல்லல."

"அப்ப ஆமான்னு சொன்னாங்களா?"

"அதையும் சொல்லல."

"எங்க வீட்டுக்காரரும் சம்பந்தம் பேச வந்தப்ப இப்படித்தான் மென்னு முழுங்கினாரு. மூணாம் மாசம் கல்யாணம் ஆயிருச்சு," என்றாள் சுஜு. கினுயே அவளைத் திருத்தவில்லை. அதற்காகப் பின்னால் பலமுறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிப்ரவரியில் இரண்டு அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பதால் நேராக நின்றார்கள். எங்கள் கண்ணுக்கு அவர்கள்தான் பின்னால் சாய்ந்து விழப்போவதுபோல் தெரிந்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள், பூசணிக்காய் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். ஊர் குனிந்திருப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போகிற ஊரெல்லாம் அவர்கள் முன்னால் குனிந்தே இருந்ததால், அவர்களுக்கு அதில் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கலாம். மூத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த மாதிரிப் பூசணிக் கூடம் வேறு எந்த நகரத்திலாவது நடந்து வெற்றி பெற்றிருக்கிறதா? இல்லை, இதுதான் முதல் முறை என்று கினுயே பெருமையோடு சொன்னாள். முன்னுதாரணம் இல்லையா, என்று அவர் குறித்துக்கொண்டார். மார்ச்சில் வந்த கடிதத்தில் இரண்டு குறைகள் சொல்லப்பட்டிருந்தன. திட்டத்துக்கு முன்னுதாரணம் போதவில்லை. திட்டத்தில் புதுமை போதவில்லை.

ஆலை சொன்ன தேதியில் மூடப்பட்டது. முதல் ஏழு பேர் ஏப்ரலில் சப்போரோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்போதுதான் ஒன்று தெரியவந்தது. வேறு ஊருக்குப் போகிறவர் நகராட்சியில் பெயரை நீக்கி, வெளியேறும் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழில் நகரத்தின் சதுர முத்திரை நேராக விழுந்த கணத்தில் அவர் நிமிர்ந்துவிடுவார். கவுன்ட்டருக்குக் குனிந்து வந்த ஏழு பேரும் நிமிர்ந்து திரும்பிப் போனார்கள். விசாரித்து வந்தவர்கள் எண்ணிக்கை மே மாதம் கூடியது. இடுப்பு வலிக்காகவே ஊரை விட்டவர்களும் உண்டு, அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை.

சுஜு போகவில்லை. இலையுதிர்காலத்தில் வயலில் பூசணி பொறுக்கினாள், குளிர்காலத்தில் முதியவர்கள் வீட்டுக் கூரையில் பனி தள்ளினாள். கூரைகள் சாய்ந்திருந்ததால் பனி பாதி தானே இறங்கிவிட்டது, அதனால் கூலியும் பாதியாயிற்று. இன்னும் ஒரு விண்ணப்பம் பார்க்கிறேன் என்று மகனுக்குச் சொல்லி அனுப்பினாள். மகன் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டதாகப் பதில் எழுதினான்.

அந்த ஆண்டு விண்ணப்பத்தை கினுயே நேராகக் குத்த நினைத்தாள். மேயர் அன்சாய் ஒப்புக்கொள்ளவில்லை. இளம் வயதில் சுரங்கத்தில் வேலை பார்த்த மனிதர், கெட்டவர் இல்லை.

"நுமாகுரா சான், பதினைஞ்சு பாகைங்கிறது தெருவுல எதிர்ல வர்றவனுக்குப் போடுற கும்பிடு. கை நீட்டிக் காசு கேக்கிறவன் முப்பதாச்சும் குனிய வேணாமா? நம்ம மரியாதையே பத்தாமத்தான் அவங்க தள்ளிட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"இருக்கிறவங்க இடுப்பு தாங்காதுங்க, மேயர் ஐயா."

"நிமிர்ந்து நின்னு எங்க போகப்போறாங்க?"

கினுயே கோணமானி வைத்து முப்பது பாகைக்குக் குத்தினாள். சுரங்கக் கோபுரத்தின் நிழல் முதன்முறையாக ரயில் நிலையத்தைத் தொட்டது. ரயில் நின்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளிப் பிள்ளைகள் வானத்தை வரைவதை விட்டுவிட்டார்கள், அண்ணாந்து பார்ப்பது சிரமமாக இருந்தது. விடை மார்ச்சில் வந்தது, அதே இரண்டு குறைகள். மூன்றாம் ஆண்டு நாற்பத்தைந்துக்குப் போகலாமா என்று நகர மன்றம் ஒரு பகல் முழுவதும் விவாதித்தது. நாற்பத்தைந்து மன்னிப்புக் கேட்பதற்கு உரியது, அப்படியென்றால் நாம் செய்த தப்பு என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சுரங்கம் நம் தாத்தாக்கள் தோண்டியது, மூடியது கம்பெனி. பிள்ளைகளைப் பெற்றோம், படிக்கவைத்தோம், போனார்கள். மாலைவரை தேடியும் தப்பு கிடைக்கவில்லை. முப்பதிலேயே நிற்பது என்று தீர்மானமாயிற்று. அந்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் மானியம் வரவில்லை. ஆலைப் பெண்களில் ஊரில் மிஞ்சியவர்கள் நான்கு பேர்.

புதிய சக்கரவர்த்தியின் ரெய்வா இரண்டாம் ஆண்டில், அதாவது இரண்டாயிரத்து இருபதில், மேயர் அன்சாய் ஓய்வு பெற்றார். புதிய மேயர் எதற்கும் சரி என்பவர். அந்த இலையுதிர்காலத்தில் கினுயே சுஜுவின் வீட்டுக்குப் போய், பூசணி நறுக்கிக்கொண்டிருந்தவளிடம், இந்த முறை நேராகக் குத்தப்போவதாகச் சொன்னாள். அளவுகோல் வைத்து, கோடு போட்டு.

"மானியம் கெடைக்குமா?"

"கெடைக்காது. ஆனா ஊரு நிமிரும்."

சுஜு கத்தியைக் கீழே வைத்தாள். "அது போதும்டி. நிமிர்ந்து நின்னா நானே எங்கயாச்சும் போய் வேலை கேட்டுக்குவேன். குனிஞ்சுக்கிட்டே கேட்டா எல்லாரும் பரிசீலிக்கிறேன்னுதான் சொல்றாங்க."

அக்டோபரில் புதிய விண்ணப்பப் படிவம் வந்தது. நாடு முழுவதும் அரசு காகிதங்களில் முத்திரை குத்தும் பழக்கத்தை எடுத்துவிட்டார்கள், வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று. படிவத்தைக் கணினியில் நிரப்பி அனுப்பினால் போதும். கினுயே இருநூற்று முப்பது பக்கத்தையும் மேலும் கீழும் தேடினாள். முத்திரைக்குக் கட்டம் இல்லை. அமைச்சகத்துக்குத் தொலைபேசி செய்து, எங்கள் நகரத்துக்கு மட்டும் ஒரு கட்டம் வேண்டும், ஒரே ஒரு முறை, என்று கேட்டாள். எதற்கு என்று அந்தப் பணிவான குரல் கேட்டது. நிமிர்வதற்கு என்றாள். பிறகு அந்தக் குரல், முன்னோக்கிய மனத்தோடு பரிசீலிக்கிறோம் என்றது. கினுயே வெள்ளைத்தாளை எடுத்து நகரத்தின் முத்திரையை நேராகக் குத்திப் பார்த்தாள். ஒன்பது தாள் குத்தினாள். அழகாக விழுந்தன. வெற்றுத் தாள் எதற்கும் பொறுப்பில்லை. விண்ணப்பத்தை அனுப்பியதும், பெறப்பட்டது, இந்தச் செய்திக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று திரையில் வந்தது.

நகரத்தின் முத்திரைக்கு அதன் பிறகு மிச்சமிருந்த வேலை வெளியேறும் சான்றிதழ் ஒன்றுதான். ஆட்கள் குறைந்துபோனதால் அந்தக் கவுன்ட்டரையும் கினுயேதான் பார்த்துக்கொண்டாள். அடுத்த மார்ச் இருபத்தாறாம் தேதி ஆறாம் எண் சீட்டோடு சுஜு வந்தாள். படிவத்தில் நாகோயா முகவரியைச் சரியாக எழுதியிருந்தாள், காரணம் என்ற இடத்தில் வேலை என்று எழுதியிருந்தாள். வேலை கிடைத்துவிட்டதா என்று கினுயே கேட்டதற்கு, மருமகளுக்குத் துணியில் காஜா எடுத்துக் கொடுக்க வேண்டுமாம், அதுவும் வேலைதானே என்றாள்.

"கொஞ்சம் சாச்சுக் குத்தேன்டி," என்றாள் பிறகு, குரலைத் தாழ்த்தி. "லேசா. உன் ஞாபகத்துக்கு."

"நாகோயால கோணிக்கிட்டு நிப்பியா? மருமக சிரிப்பா."

கினுயே நேராகக் குத்தினாள். சுஜு நிமிர்ந்தாள். நாலு ஆண்டுகளுக்கு மேல் ஆனதில் அவள் எவ்வளவு உயரம் என்பது கினுயேக்கு மறந்துபோயிருந்தது. முகத்தைப் பார்க்க அவள் கழுத்தை ஒடித்து அண்ணாந்தாள், முழுவதும் முடியவில்லை, தாடைவரை தெரிந்தது. சுஜு சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, இத்தனை காலம் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று முறைப்படி சொல்லி, யாரும் குத்தாமல், தானாகவே குனிந்தாள். நீண்ட நேரம் குனிந்திருந்தாள். கினுயே பதிலுக்குக் குனிய வேண்டும். அவள் ஏற்கெனவே குனிந்திருந்தாள். அதற்கு மேலும் ஒரு விரல் அளவு, மேசை விளிம்பில் நெற்றி படும்வரை, தன் பலத்தில் இறங்கினாள். அந்த ஒரு விரல் எந்த அமைச்சகத்துக்கும் போடப்பட்டதில்லை. நெற்றியை எடுத்தபோது வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது. முத்திரையை மைத்தட்டின் மேல் வைத்துவிட்டு ஏழாம் எண்ணை அழைத்தாள்.