காசில்டாவின் இரவல் வீடு

1

இந்தக் கதை ஒரு நீலத் திரைச்சீலையில் பிறந்தது. அது என்னுடையது. காசில்டாவுக்கு இரவல் கொடுத்தேன். அப்படிக் கொடுத்ததால்தான் அவளுக்கு வரவேண்டிய உதவி வராமல் போனது. குற்ற உணர்ச்சியைக் கதை என்று பெயரிட்டு இறக்கிவைக்கப் பார்க்கிறாயா என்று நீங்கள் கேட்டால், ஆமாம்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

“கடலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலையேறி வந்த காற்று —” வேண்டாம். அந்தக் காற்றை அழகாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

“பாவப்பட்ட விதவையான காசில்டா —” இதுவும் வேண்டாம். இதைப் படித்தால் கத்தரிக்கோலோடு என் வாசலில் வந்து நிற்பாள்.

“புயல் சேதம் பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும், காசில்டா வீட்டைக் கழுவத் தொடங்கினாள்.”

இது இருக்கட்டும். நடந்ததும் இதுதான்.

2

முன்னறையில் பார்லர், பின்னறையில் வீடு. எங்கள் குவயாபால் மலைச்சரிவில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் முப்பது வருடமாக முடி வெட்டியவள் காசில்டா. புயல் அவள் கூரையில் பாதியைக் கொண்டுபோனது. மெத்தை, இரண்டு சுழல் நாற்காலிகள், கண்ணாடி எல்லாம் சேற்றில் போயின. வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று அரசாங்கத்துக்கு இரண்டு விண்ணப்பம் போட்டாள். ஐந்து வாரம் கழித்துச் செய்தி வந்தது: வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரில் பார்வையிட வருகிறோம்.

எங்கள் தீவில் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் வீடு வீடாக இருக்க வேண்டும். கூரை இல்லாததற்குக் காற்றைக் குறை சொல்லலாம். தரை அழுக்காக இருந்தால் யாரைச் சொல்வது?

“அரசாங்கத்துப் பொண்ணு வருது, என் வீடு இந்தக் கோலத்துல கெடக்கே!” என்று புதன்கிழமை காலையில் காசில்டா வாசலில் நின்று புலம்பினாள்.

எதிர்வீட்டு ப்ரூனில்டா துடைப்பத்தோடு வந்தாள். “பொலம்பாத. தண்ணி எடு. நீ பொலம்புறதுக்குள்ள ரெண்டு ரூம் கழுவிடலாம்.”

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மெல்கோர் தன் ஆட்டுக்கொட்டகைத் தகரங்களைக் கழற்றி வந்து கூரையில் அடித்தார்.

“அண்ணே, ஆட்டு வாடை அடிக்குதே!” என்றாள் காசில்டா.

“வர்ற பொண்ணு கூரையப் பாக்கப் போவுதா, மோந்து பாக்கப் போவுதா?”

ப்ரூனில்டாவின் கட்டில் வந்தது. யாரோ அடுப்பு கொண்டுவந்தார்கள், யாரோ நாற்காலியும் கண்ணாடியும், யாரோ சாமி படம். நான் திரைச்சீலை. சாயங்காலம் வீட்டைப் பார்த்தபோது என் கண் கலங்கியது. (அந்தக் கலங்கலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன்.)

3

முதல் பிரதியில் ஆய்வுக்கு வந்த பெண்ணைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் அவள் அப்படி இல்லை. செருப்பு முழுக்கச் சேறு, கண்ணில் தூக்கக் கலக்கம். அன்றைக்குக் காலையில் அது அவளுக்கு மூன்றாவது வீடு. கையில் இருந்த டேப்லெட்டில் கேள்விகள் வரிசையாக இருந்தன.

“சமைக்க முடியுதாம்மா?”

காசில்டா அடுப்பைப் பார்த்தாள். காபி கொதித்துக்கொண்டிருந்தது. “முடியுது மகளே. ஒரு வாய் குடிச்சிட்டுப் பேசு.”

“கடையில நாற்காலி, கண்ணாடி இருக்கா?”

“இருக்கு. உக்காரு, அந்த நுனிய வெட்டி விடுறேன். ரொம்பக் காஞ்சு போயிருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். “வேலை நேரத்துல எதுவும் வாங்கக் கூடாதும்மா. இங்க தூங்க முடியுதா?”

கட்டில் ப்ரூனில்டாவினுடையது. ப்ரூனில்டா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இரவல் கட்டில் என்று விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? கொடுத்தவள் முகத்துக்கு முன்னால், போதவில்லை என்று எப்படிச் சொல்வது?

“முடியுது. கடவுள் புண்ணியத்துல நல்லாத் தூங்குறேன்.”

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வீடு குடியிருக்கத் தகுந்தது. கடை இயங்கும் நிலையில் உள்ளது. இரண்டு விண்ணப்பங்களும் ஏற்கப்படவில்லை.

4

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். சின்னச் சின்ன அன்பில்தான் உலகம் நிற்கிறது என்று வாழ்நாள் முழுக்க எழுதி வந்த எனக்கு, அதே அன்பு ஒரு வீட்டைக் கவிழ்த்த கதையை எப்படி எழுதத் தெரியும்? கோயிலில் போய் உட்கார்ந்து கடவுளைக் கேட்டேன். அவர் பேசவில்லை. காசில்டாவும் யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நாமதான் கெடுத்தோம். நாமளே எழுதிக் குடுப்போம்” என்றார் மெல்கோர்.

கடிதத்தின் அடியில் மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. அவரவர் கொடுத்த பொருளைப் பற்றி அவரவர் கையெழுத்தில் ஒரு தாள். அவற்றை வாங்கிக் கோக்கும் வேலை எனக்கு. எழுதுகிற ஆள் என்று தெருவில் பெயர் இருக்கிறதே!

“அந்த வீட்டில் உள்ள கட்டில் என்னுடையது. என்னிடம் வேறு கட்டில் இல்லை. அன்றிலிருந்து தரையில் படுக்கிறேன். – ப்ரூனில்டா.”

உதவி வரும்வரை வைத்துக்கொள் என்று அவள் சொன்னபோது, அவளிடம் இன்னொரு கட்டில் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

“கூரைத் தகரம் எட்டும் என்னுடையது. ஆடுகள் இப்போது என் சமையலறையில் உள்ளன. – மெல்கோர்.”

“அடுப்பு எங்களுடையது. நாங்கள் வெளியே விறகு மூட்டுகிறோம்.”

பதினேழு தாள். ஒன்றைப் படித்து முடித்து அடுத்ததை எடுத்தேன். கூடுதலாக இருந்ததிலிருந்து ஒருவர்கூடக் கொடுக்கவில்லை. ஒன்றே ஒன்று இருந்ததைத் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். கொடுத்துவிட்டு வாயைத் திறக்கவும் இல்லை. மரங்களை வேரோடு பிடுங்கிய காற்றைப் பார்த்தபோதுகூட நான் இப்படித் தலை குனிந்ததில்லை. கடவுள் பேசவில்லை என்று மேலே எழுதினேன், அதை அடித்துவிடுங்கள்.

பதினெட்டாவது தாள் நான் எழுத வேண்டியது. “அந்த நீலத் திரைச்சீலை என்னுடையது. என்னிடம் நான்கு இருந்தன. அவற்றில் பழையதைக் கொடுத்தேன்.”

(இந்த வரியைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.)

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: பதினெட்டுத் தாளையும் படித்த அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடுகிறார். அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டு: தாள்கள் ஏதோ ஒரு மேசையில் — இல்லை, இதை முடிக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மறுபடியும் பார்க்க வருகிறோம் என்று செய்தி வந்தது. திங்கட்கிழமை தெருவே வந்து அவரவர் பொருளை எடுத்துப்போனது. மெல்கோர் ஆணிகளைப் பிடுங்கினார். ஒவ்வொரு தகரமாக இறங்க இறங்க, மேலே வானம் அகலமாகிக்கொண்டே வந்தது. காசில்டா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

“கீழ போடுடி அத!” ப்ரூனில்டா கத்தினாள்.

“தரைய மட்டும் கூட்டிக்கிறேனே…”

“நீ தரைய மட்டும்னு ஆரம்பிப்ப, நாளைக்குப் பத்து மணிக்குப் பூங்கொத்து வச்சிருப்ப.”

செவ்வாய்க்கிழமை அதே பெண் வந்தாள். உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்லை. காசில்டாவின் முகம் சுண்டிப்போனது. அப்போது மெல்கோர் தன் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் கையில் ஒரு அட்டை கட்டியிருந்தது: “இது மெல்கோருடையது. விருந்தாளி எழுந்ததும் திரும்பப் போகும்.”

அந்தப் பெண் அட்டையைப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். திறந்த வானத்துக்குக் கீழே உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள்.

“சொல்லுங்கம்மா. இங்க தூங்க முடியுதா?”

காசில்டா வெறும் தரையைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அங்கே பதினெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். ஐம்பத்துநான்கு வருடத்தில் வீட்டுக்கு வந்த ஒருவரிடமும் அவள் சொல்லாத சொல்.

பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் வந்து வாசலில் எங்களோடு நில்லுங்கள். அவள் வாயைத் திறக்கிறாள்.