சாத்தத்தில் நின்ற புள்ளி

காலை ஆறே முக்கால் மணி. அந்தமானில், போர்ட் பிளேரின் சாத்தம் படகுத்துறையில் வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஃபெர்ரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. முதலில் ஒரு ஜீப், அடுத்து சிமெண்டு மூட்டை ஏற்றிய சின்ன லாரி, அதன் பின்னால் இரு சக்கர வண்டிகளின் நீண்ட வரிசை. ஃபெர்ரியில் வேலை பார்க்கும் தேவேந்திரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஆகே படோ, முன்னால போ, முன்னால போ! தீதி, நீங்க ஓரமா நிறுத்துங்க. அரே, லாரிக்காரா, தீதி கால்மேல ஏத்திடாதடா, நாளைக்கு உனக்கு ஊசி போட ஆளு வேணும்!"

தீதி, அதாவது அக்கா என்று அவர் கூப்பிட்டது கார்த்திகாவை. அக்கரையில், பேம்பூஃப்ளாட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் துணைச் சுகாதார நிலையத்தில் அவள் செவிலியர். வண்டூரில் பிறந்தவள். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஓட்டப் பழகியவள். மலை ரோட்டில் ஸ்கூட்டருக்கு மூச்சு வாங்கும் என்று, தனக்கென்று ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். சென்னையிலிருந்து கப்பலில் அது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் கல்யாணப் பெண்ணைப் போல நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதே நேரத்தில் தெற்கே தூரத்துத் தீவு ஒன்றின் ஹட்பே துறையில் ஒரு பயணிகள் கப்பல் கட்டி நின்றது. அதன் எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் விஜயராஜ் மேல்தளத்துக்கு வந்து கைபேசியைத் திறந்தான். நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. கரைக்கு வந்தால்தான் உண்டு. திரையில் நீலக் கடலின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இங்க பாருங்க! எம் பொண்டாட்டி கடல்மேல நடந்து போறா!"

டீ குடித்துக்கொண்டிருந்த மூத்த ஊழியர் பரமசிவம் எட்டிப் பார்த்தார். "அவ ஃபெர்ரியில போறாடா. நீதான் மிதக்குற."

அந்தப் புள்ளி வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வண்டியை எடுக்கப் போன அன்று ஷோரூம் ஹரிஹரன் சொன்னார்: "டிராக்கர் கம்பெனியிலேயே மாட்டி வருது மேடம். வண்டி எங்க போகுது, எங்க எவ்வளவு நேரம் நிக்குது, எல்லாம் ஃபோன்ல தெரியும். ஒரு வருஷத்துக்கு ஃப்ரீ. திருட்டு பயமே இல்ல."

கார்த்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தத் தீவுல வண்டியத் திருடிட்டு எங்கண்ணே போவான்? மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கணுமே. யோக்கியனுக்கே டிக்கெட் கிடைக்கல!"

ஷோரூமே சிரித்தது. "யாரு நம்பர்ல போடட்டும்?" என்று ஹரிஹரன் கேட்டார். கார்த்திகா வாயைத் திறப்பதற்குள் விஜயராஜ் தன் எண்ணைச் சொல்லிவிட்டான். வண்டி அவள் பெயரில், ஓட்டப்போவதும் அவள், புள்ளி மட்டும் அவன் கையில். அன்று அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. அவளுக்கும்தான். மாதத்தில் பாதி நாள் கடலில் கிடக்கிற மனுஷன், நாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோமா என்று பார்த்துக்கொள்ளட்டுமே என்று நினைத்தாள்.

முதல் இரண்டு மாதம் அப்படித்தான் போனது. பிறகு ஒரு நாள் தொலைபேசியில் அவன் கேட்டான்.

"நேத்து பேம்பூஃப்ளாட் டீக்கடைகிட்ட அரை மணி நேரம் நின்னிருக்கே, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லங்க. டீ குடிச்சேன்."

"டீ குடிக்க அரை மணி நேரமா?"

உண்மையில் காரணம் என்று எதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருந்ததற்கு எப்படிக் கணக்குச் சொல்வது? "கூட்டமா இருந்துச்சு" என்று ஒரு பொய் சொன்னாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவள் அவனிடம் சொன்ன முதல் பொய் அது.

விஜயராஜ் கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனால் கப்பல் கரையைத் தொட்டதும் மற்றவர்கள் வீட்டுக்குப் பேசினார்கள். அவன் வரைபடத்தைத் திறந்தான். "நான் ரேடார்ல கூட இவ்வளவு நேரம் கண்ணு வச்சதில்லடா" என்று பரமசிவம் கிண்டல் செய்தார். "அக்கறைண்ணே" என்றான் அவன். அதை மனதார நம்பித்தான் சொன்னான்.

புதன்கிழமைதோறும் கார்த்திகா மலைமேல் இருக்கும் மீனாவைப் பார்க்கப் போவாள். மீனாவுக்கு ஏழாவது மாதம், தலைப்பிரசவம், ரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்கியது. மலை வளைவு வரை வண்டி போகும். அதற்குமேல் பாக்குத் தோட்டத்துக்குள் பத்து நிமிடம் நடக்க வேண்டும். இதையும் விஜயராஜ் கேட்டான்.

"அந்த வளைவுல வீடே இல்லையே. மேப்ல வெறும் காடுதான் காட்டுது. ஒரு மணி நேரம் அங்க என்ன?"

அவள் மீனாவைப் பற்றி, பிரஷரைப் பற்றி, வீங்கிய காலைப் பற்றி எல்லாம் சொன்னாள். மறுமுனையில் "ம்" என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு "ம்" இரவு முழுக்க அவள் காதில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் அவள் வண்டியைச் சாத்தத்திலேயே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைப் பூட்டி வைத்துவிட்டு, கால்நடையாகப் படகேறினாள். துறையில் வண்டியை விட்டுவிட்டு ஆள் மட்டும் அக்கரைக்குப் போவது இங்கே வழக்கம்தான். அங்கே எப்போதும் நூறு வண்டி நிற்கும். "போட்ல வண்டிக்கு இடம் கிடைக்கலங்க, இனிமே பஸ்லயே போறேன்" என்று அவனிடம் சொன்னாள். அவனுக்கும் நிம்மதி. புள்ளி காலையில் சாத்தத்துக்குப் போயிற்று, மாலை வரை அங்கேயே சாதுவாக நின்றது, வீட்டுக்கு வந்தது. கேள்விகள் நின்றுபோயின. வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

ஆனால் பாருங்கள், பஸ் நினைத்த நேரத்துக்கு வருவதில்லை. வளைவு வரை போவதும் இல்லை. இறங்கிய இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். இரண்டு புதன்கிழமை ஏறினாள்.

மூன்றாவது புதன்கிழமை மழை. விஜயராஜின் கப்பல் எஞ்சின் பழுதாகி, உதிரிபாகம் வரும்வரை போர்ட் பிளேரிலேயே நின்றதால் அவன் சாத்தத்துக்குப் பக்கத்து ஹட்டோவில் வீட்டில் இருந்தான். மூன்றரை மணிக்குக் கைபேசியைப் பார்த்தான். புள்ளி சாத்தத்தில். "போட் லேட்டு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டீ போட்டான். நாலு மணிக்குப் பார்த்தான். சாத்தத்தில். அவளைக் கூப்பிட்டான். கைபேசி அணைந்திருந்தது. சீக்கிரமே இருட்டிவிடுகிற ஊர். குடையை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தான்.

வண்டி இருந்தது. சீட்டில் மழைநீர் தேங்கியிருந்தது. ஆள் இல்லை.

"தீதி இன்னும் வரல பாய்" என்றார் தேவேந்திரன். "மூணு மணி போட்டுல வந்திருக்கணும்."

"வண்டிக்கு இடமில்லாம பஸ்ல போறா. பஸ் லேட்டாகியிருக்கும்."

"இடமில்லையா? யாரு சொன்னா?" தேவேந்திரன் கயிற்றைக் கீழே போட்டார். "தினமும் நான்தான் கூப்பிடுறேன், ஏத்துங்க தீதி, ஜகா இருக்குன்னு. வேணாம் அண்ணே, வண்டி இங்கயே நிக்கட்டும், அப்பதான் வீட்ல கேள்வி வராதுன்னு சொல்லுச்சு. என்ன கேள்வி பாய் அது? வண்டிய விட்டுட்டு மனுஷி மலையேறுற அளவுக்கு?"

விஜயராஜ் வீட்டுக்கு ஓடி மாற்றுச் சாவியோடு திரும்பி வந்தான். வண்டியை ஃபெர்ரியில் ஏற்றினான். படகு நகர்ந்தது. கையிலிருந்த திரையில் சிவப்புப் புள்ளி கடல்மேல் மெல்லப் போயிற்று. ஹட்பேயில் நின்று சந்தோஷமாகப் பார்த்த அதே காட்சி. புள்ளியின்மேல் இப்போது நின்றது அவன். அவள் எங்கே என்று சொல்ல அந்தத் திரையில் ஒன்றும் இல்லை.

சுகாதார நிலையம் பூட்டியிருந்தது. பக்கத்துக் குடியிருப்பில் இருந்த உதவியாளர் ஷோபா கதவைத் திறந்ததும் பதறினாள். "மீனா வீட்டுக்குன்னு மதியமே கிளம்பினாங்களே! அப்படியே வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னுல்ல நினைச்சேன்? முன்னெல்லாம் வண்டி இருக்கும், பொழுதோட வந்துடுவாங்க."

வளைவுக்குப் போனபோது வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. பாக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து இரண்டு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தார்கள். நாற்காலியில் கார்த்திகா. வலது கால் வீங்கிப்போய், பாக்கு மட்டை வைத்துக் கட்டப்பட்டிருந்தது. முன்னால் பிடித்து வந்தவன் மீனாவின் கணவன் கோகுல்.

"ஓடை தாண்டுறப்போ வழுக்கிட்டாங்க சார். ஃபோனும் தண்ணியில போயிடுச்சு. ஒரு மணி நேரமா கூப்பிட்டிருக்காங்க, மழையில எங்களுக்குக் கேக்கல. நல்லவேளை, ஆட்டப் பிடிக்கப் போன எங்க மாமா பாத்தாரு."

கார்த்திகா தலையை நிமிர்த்தினாள். எதிரே தன் வண்டி, அதன்மேல் கணவன். வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. வந்துவிட்டீர்களா என்று கேட்கவில்லை. அவள் சொன்ன முதல் வார்த்தைகள் இவை:

"வேற எங்கயும் போகலங்க. மீனாவுக்கு இன்னைக்கு பிரஷர் பாக்கணும். புதன்கிழமை. கோகுலைக் கேட்டுப் பாருங்க."

கால் ஒடிந்து கிடக்கும்போதும் இவள் எனக்குக் கணக்கு ஒப்பிக்கிறாளே! விஜயராஜ் வண்டியிலிருந்து இறங்கினான். சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தொட்டான்.

"சொல்லாத கார்த்தி. எதுவும் சொல்லாத. நான்தான் உன்னை இங்க தள்ளிவிட்டிருக்கேன்."

கோகுல் எதுவும் புரியாமல் நின்றான். "சார், மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம் சார். அப்புறமா அழுங்க" என்றான். கார்த்திகாவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது.

கணுக்காலில் மெல்லிய விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் லீவு போட்டு அவன் சமைத்தான். உப்பு மட்டும் கடைசி வரை அவனுக்குப் பிடிபடவில்லை.

கட்டுப் பிரித்த மறு வாரம் இருவரும் வண்டியை சர்வீஸுக்கு விட்டார்கள். ஹரிஹரன் தாளைப் பார்த்துக்கொண்டே விஜயராஜிடம் கேட்டார்: "சார், டிராக்கர் ஒரு வருஷம் முடியுது. தொடரட்டுமா, கழட்டிடலாமா?"

"பிடுங்கிக் கடல்ல போடுங்க" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். "வண்டி அவங்களோடது. அவங்களைக் கேளுங்க."

கார்த்திகா பெட்ரோல் டேங்கை ஒரு தரம் தடவினாள். இருட்டிய மலையும், ஓடைக்கரையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிய அந்த ஒரு மணி நேரமும் அவளுக்கு நினைவு வந்தன.

"இருக்கட்டும் அண்ணே. அந்த ரோட்டுல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, எங்க தேடுறதுன்னு நாலு பேருக்குத் தெரியணும். ஆனா நம்பரை மாத்துங்க. என் நம்பரைப் போடுங்க. மலையேறுற அன்னைக்கு ஷோபாவுக்குக் காட்டுவேன், இவருக்கும் காட்டுவேன். நானாக் காட்டுவேன்."

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை.

"ஏங்க, ஒண்ணு மட்டும் சொல்றேன். வண்டிய எவ்வளவு வேணா பாத்துக்கங்க, அது இரும்பு. மனுஷிய அப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா, அவ ஒளிஞ்சுக்கத்தான் கத்துக்குவா. ஒளிஞ்சவ விழுந்தா எந்தப் புள்ளியும் காட்டாது. அக்கறைன்னா கேளுங்க. நான் சொல்றத நம்புங்க."

"நம்புறேன்" என்றான் விஜயராஜ். எண்ணை அழித்தபோது ஹரிஹரனின் கணினித் திரையை அவன் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் கப்பல் மறுபடியும் ஹட்பே துறையைத் தொட்டது. சிக்னல் வந்ததும் எல்லோர் கைபேசிகளும் ஒரே நேரத்தில் கூவின.

"என்னடா, இன்னைக்கு ரேடார் இல்லையா?" என்றார் பரமசிவம்.

"இல்லண்ணே. ஃபோன்தான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே அவன் வீட்டுக்குப் பேசினான். "கார்த்தி, சாப்பிட்டியா? மீனாவுக்கு என்ன குழந்தை?"

"பொண்ணு! ரெண்டேமுக்கால் கிலோ. அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்காங்க." பிறகு கேட்காமலே அவள் சொன்னாள்: "வர்ற வழியில பேம்பூஃப்ளாட் டீக்கடையில உட்கார்ந்தேங்க. அரை மணி நேரம். ஒரு காரணமும் இல்ல. போட் வர்றதும் போறதுமா இருந்துச்சு, பாத்துக்கிட்டே இருந்தேன். நல்லா இருந்துச்சு."

"அடுத்த லீவுல நானும் வரேன்" என்றான் அவன். "ரெண்டு டீ சொல்லி வை."

மாதக்கணக்கில் வரைபடத்தை உற்று உற்றுப் பார்த்தும் அவனுக்குக் கிடைக்காத பதில், நம்பிக் காது கொடுத்த அன்று தானாகவே வந்து சேர்ந்தது.