கணவாயில் இறக்கிய இரும்பு

கோவேறு கழுதையின் கண்களைத் தோல்பட்டையால் மூடிவிட்டு, யுசேபியோ அதன் விலாவில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தார். மறுபக்கம் நின்று முடிச்சுப் போட்டான் அவர் மனைவியின் தம்பி தாமாசோ. சுமை, தங்கக்கல் இடிக்கும் இயந்திரத்துக்கான இரும்பு உருளை. இரண்டு ஆள் கனம்.

சொந்த ஊரான சொனோராவிலிருந்து வடக்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. கரிபூ மலையில் அவர் பொதி ஏற்றாத பாதை இல்லை. முதல் பனி விழுந்தபின் கணவாயில் ஏறக் கூடாது என்று காலையிலேயே இருமுறை சொல்லிப் பார்த்தார். இயந்திரம் நின்றுகிடக்கிறது, நீ போகாவிட்டால் வேறு ஆள் போவான் என்றார் சுரங்க மேலாள் ஹாஸ்கெல். அவரும் கூடவே நடந்து வந்தார்.

கணவாயைத் தாண்டி இறங்கும்போது கழுதை சுமையோடு சறுக்கி விழுந்தது. பிடிக்கப் பாய்ந்த தாமாசோவின் தொடை இரும்புக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கியது. கழுதை உதறிக்கொண்டு எழுந்துவிட்டது. அவனால் எழ முடியவில்லை.

"மச்சான், நீங்க கீழ போய் ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"நான் வர்றதுக்குள்ள நீ வெறச்சுப் போயிருப்ப. உங்க அக்காவுக்கு யாருடா பதில் சொல்றது?"

யுசேபியோ முடிச்சை அவிழ்க்கப் போனார்.

"இரும்பு இறங்குச்சுன்னா உன் வேலையும் இறங்கிடும்" என்றார் ஹாஸ்கெல்.

"எறங்கட்டும் மொதலாளி. கழுதை என்னுது."

உருளை பனியில் புதைந்தது. தாமாசோவைக் கழுதைமேல் கிடத்திக் கட்டி, தன் மேலங்கியைப் போர்த்தி, வெளிச்சம் மங்குமுன் சுரங்க முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வைத்தியர் அடுத்த முகாமில் இருந்தார். இனி ஒரு குலுக்கலைக்கூட அந்தக் கால் தாங்காது. தூக்கிப்போக நாலு ஆளும், போர்த்த ஒரு போர்வையும் ஹாஸ்கெலிடம் கேட்டார் யுசேபியோ. எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள், போர்வை கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. லாயத்து வைக்கோலில் படுத்துக்கொண்டு, விடியும்வரை தாமாசோ தன் அக்கா பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். விடிந்தபின் அதையும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

அன்று உச்சிவேளையில் வெளியே ஆரவாரம் கேட்டது. யுசேபியோ எட்டிப் பார்த்தார். எட்டு ஆட்கள் கம்புகளில் தொங்கவிட்டு, அடிமேல் அடிவைத்து உருளையைச் சுமந்து வந்தார்கள். வழியில் நின்றவர்கள் விலகி இடம்விட்டார்கள். பனி படாமல் அதற்கு இரண்டு புதுப் போர்வை சுற்றியிருந்தது.