மிஞ்சிய மூன்று கோப்புகள்

முதல் நாள் தேர்வு ஒரு மணிக்கு முடிய வேண்டும். பள்ளிக்கூட மணி பன்னிரண்டு நாற்பதுக்கே அடித்துத் தொலைத்தது. கண்காணிக்க நின்ற ஆசிரியர்களில் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காதில் விழுந்ததை நம்பி விடைத்தாள்களைப் பிடுங்கினார்கள். ஒரு மணிக்கு அது காலி வகுப்பறைகளுக்காக இன்னொரு தடவை அடித்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

பழி அலுவலக எழுத்தர் தலையில் விழுந்தது. மணியைக் கையால் அடிக்கும் பொத்தான் அவள் மேஜையோரம் இருந்தது, அது போதாதா? கை தவறி அழுத்திவிட்டதாகக் கடிதம் எழுதித் தரும்படி தலைமை ஆசிரியர் சொன்னார். எழுதிக் கொடுத்தால், அடுத்த மாதம் அவளுக்குக் கிடைக்கவிருந்த பணி நிரந்தரம் அம்போ.

கணினி ஆசிரியர் தலைமை ஆசிரியருக்கு மாப்பிள்ளை. போன வாரம் மணி அடிக்கும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு ஏற்றியவர் அவர்தான். அரைமணி நேர வேலையைக் கல்யாண வேலை மாதிரி நாள் முழுக்க இழுத்து, பாராட்டையும் கறந்துகொண்டார். மென்பொருள் தப்பே செய்யாது, மனுஷங்கதான் செய்வாங்க என்று ஆசிரியர் அறையில் பிரசங்கம் வேறு.

அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கை பொத்தானை எட்டுகிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். ஒரு சாண் குறைந்தது. அதற்குப் பிறகுதான் துணிந்து கணினியைத் திறந்தாள். புதுப் பதிப்போடு வந்த கோப்புகளின் பட்டியலைத் தாளில் எழுதி, அட்டவணை ஃபோல்டரில் இருந்தவற்றோடு ஒவ்வொன்றாக டிக் போட்டாள். மூன்று மிஞ்சின: 'பழையது', 'ரொம்பப் பழையது', 'வேண்டாம்'.

பெயரை மாற்றினால் கோப்பு செத்துப்போகும் என்று மாப்பிள்ளை நினைத்திருக்கிறார். புதுப் பதிப்போ முந்தைய பதிப்பு வைத்தவற்றை மட்டும் துடைத்துவிட்டு, கையால் பெயர் மாற்றியவற்றைத் தொடாமல் விட்டிருந்தது. ஃபோல்டரில் கிடப்பதையெல்லாம் பெயர் பார்க்காமல் படிக்கவும் செய்தது. 'வேண்டாம்' கோப்பில் போன வருடத் தேர்வு முடியும் நேரம் இருந்தது: பன்னிரண்டு நாற்பது.

அழிக்கக் கை துறுதுறுத்தது. அழித்தால் சாட்சியும் போய்விடும். அப்படியே விட்டாள்.

மறுநாள் தேர்வில்லை, கணினியில் தேர்வு அட்டவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமனாரையும் மாப்பிள்ளையையும் பன்னிரண்டரைக்கு அலுவலகத்துக்கு அழைத்துவிட்டு, கதவோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தார். நாற்பதானதும் மணி அடித்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்று கோப்புகளையும் திரையில் காட்டினாள்.

"அது சும்மா, எதுக்கும் இருக்கட்டும்னு வச்சது," என்றார் மாப்பிள்ளை.

"எதுக்கு சார்?"

அவர் கையாலேயே அழிக்கச் சொன்னாள். அழித்தார். பிள்ளைகள் இழந்த இருபது நிமிடத்தைப் பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, விடுங்க. நமக்குள்ளயே முடிச்சுக்கலாம். நீங்க ஒண்ணும் எழுத வேணாம்."

"நான் எழுதல சார். என் மேல தப்பில்லைன்னு நீங்க எழுதிக் குடுத்துடுங்க."

நாலு வரி எழுத அவருக்குக் கால்மணி நேரம் பிடித்தது. வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். 'எழுத்தர் மீது பெரிய தவறில்லை' என்றிருந்தது. தாளைத் திரும்ப மேஜையில் வைத்து, 'பெரிய' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் பேனா மூடியைத் திறக்கும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.