பழம் கிடைக்காத முகம்

முத்துவடிவுக்குக் கோடு வரவில்லை.

கணக்கில் முதல் வகுப்பு. பாளையங்கோட்டை விடுதியில் மூன்று வருஷம் மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்துப் படித்தவள். இலஞ்சியில் அவள் வகையறாவில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று போட்டுக்கொண்ட முதல் ஆள் அவள்தான், ஆம்பிளைகளையும் சேர்த்துத்தான். ஆனால் மைப்பேனாவைக் கையில் கொடுத்து ஒரு மயிலின் கழுத்தை வளைக்கச் சொன்னால், கழுத்து பாதி வழியில் சுளுக்கிக்கொண்டு நின்றது.

சீன யுத்தத்துக்கு மறுவருஷம் அது. பங்குனி பிறந்ததும் ஆதம் சார் மெட்ராஸிலிருந்து வந்து குற்றாலத்தில் ஒரு பெரிய பங்களாவைப் பிடித்தார். சீசன் இல்லாத மாதங்கள் என்பதால் வீடு சும்மாக் கிடந்தது. ஆனி முதல் தேதிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்பது பேச்சு. குழந்தைகளுக்கான பொம்மைப்படம் எடுக்க வந்திருந்தார். சின்ன முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றப் போகிறான். வழியில் கடல், எரிமலை, ஒரு பூதம், பேசுகிற திமிங்கலம் எல்லாம் உண்டு. திரும்பி வந்து பார்த்தால் பழம் அண்ணன் கையில். அதுதான் கதை. மலையும் அருவியும் கண்முன்னால் இருந்தால் பின்னணி வரைய வசதி என்று இங்கே வந்துவிட்டார்.

"சாயபு முருகன் படம் எடுக்காராம்லே!" என்று தென்காசிக் கடைத்தெருவில் சிரித்தார்கள். முத்துவடிவின் சித்தி ஆவுடைத்தாய்தான் பதில் சொன்னாள்: "முருகனே வாயத் தொறக்கல. உனக்கு என்னவே வலிக்குது?"

வேலை இப்படி. ஆதம் சார் பென்சிலால் தாளில் வரைவார். அதன்மேல் கண்ணாடித்தாளை வைத்து மையால் கோடு இழுக்க வேண்டும். காய்ந்ததும் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் சாயம் பூச வேண்டும். மயில் ஒரு தடவை சிறகடிக்கப் பன்னிரண்டு தாள். எல்லாவற்றையும் பின்னறையில், ஜன்னலுக்குக் கம்பளி போட்டு மூடி, காமிராவுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடிப்பார்கள். பிடித்தானதும் தாளைத் தொட்டித் தண்ணீரில் கழுவித் துடைத்து மறுபடி வரைவார்கள். வெளிநாட்டுச் சரக்கு, லேசில் கிடைக்காது. ஒரு காட்சிக்குரிய தாளெல்லாம் சேர்ந்தால் ஒரு கட்டு. எந்தக் கட்டு பிடித்தாயிற்று, எது பிடிக்கவில்லை என்பதற்கு ஒரு நோட்டு. அந்த நோட்டு முத்துவடிவிடம் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'கழுவலாம்' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டு, பக்கத்தில் பி.எஸ்சி. என்றும் போடுவாள். கையெழுத்துக்குப் பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் யாரும் அந்தப் பட்டத்துக்காகப் பட்டினி கிடந்தவர்கள் இல்லை.

"உங்க மூளை எனக்கு மெட்ராஸிலும் வேணும். போகும்போது ஒருத்தரைக் கூட்டிட்டுப் போக முடியும், பார்ப்போம்" என்று ஆதம் சார் முதல் மாதமே சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் முத்துவடிவு தூங்கினாள். வீட்டில் அச்சன்புதூர் மாப்பிள்ளை ஒருத்தன் ரெடியாக இருந்தான். போலீஸில் சேர்ந்தவன், எட்டாம் வகுப்பு. மெட்ராஸ் இல்லையென்றால் அவன்தான்.

வள்ளித்தாய் வந்தது சோறு கொண்டு.

ஆவுடைத்தாய் சித்தியின் மகள். ஒன்றாம் வகுப்பையே முடிக்காமல் பீடி சுற்றப் போனவள். தினமும் மத்தியானம் இலஞ்சியிலிருந்து தூக்குச்சட்டியோடு நடந்து வருவாள்; அக்காள் சாப்பிட்டு முடிக்கிறவரை சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாமல் கிழிந்த கண்ணாடித்தாள் ஒன்றை எடுத்து, பேனாவை மையில் தொட்டு, அடியில் தெரிந்த மயிலின் மேல் ஒரு இழு இழுத்தாள். கொண்டையிலிருந்து தோகை நுனி வரை ஒரே மூச்சில்.

ஆதம் சார் பின்னால் நின்றார். "இன்னொன்று போடும்மா" என்றார்.

போட்டாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு மயில் தெரியவில்லை, ஒன்றுதான் தெரிந்தது.

"எங்க கத்துக்கிட்ட?"

"இதுல கத்துக்க என்ன சார் இருக்கு? பீடி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருந்தா கங்காணி கழிச்சிருவான். கை அதுவா நிக்கும்."

முத்துவடிவு பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனாள்.

மறுநாளிலிருந்து வள்ளித்தாய்க்கு ஜன்னலோர மேசை. அவள் விரலில் புகையிலைக் கறை, தாளில் ஒட்டும் என்று முத்துவடிவு புகார் சொன்னாள். ஒட்டவில்லை. அவள் நம்பர் பார்க்காமல் அடுக்குகிறாள் என்றாள். அடுக்கு சரியாக இருந்தது. சாயம் பூசுகிற மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஆதம் சார் பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி "வள்ளி, வள்ளி" என்றார். முத்துவடிவை அவர் என்றைக்கும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார். மரியாதைதான். அந்த மரியாதையை அருவியில் கொண்டுபோய்ப் போடலாம் என்றிருந்தது அவளுக்கு.

பெட்டி நிறையப் புத்தகம் சுமந்தேன், விளக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கண்ணெரிச்சலை அடக்கினேன், இவள் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அவள் மனசு ஓயாமல் கணக்குப் போட்டது. எப்படிப் போட்டாலும் விடை ஒப்பவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு பிரச்சினை வந்தது. பழம் கிடைக்காமல் கோபித்து நிற்கிற முருகனின் முகம் ஆதம் சாருக்கு வரவில்லை. வரைந்ததெல்லாம் மிட்டாய்க்கு அழுகிற பிள்ளை மாதிரியே இருந்தது.

"அழமாட்டான் சார்" என்றாள் முத்துவடிவு. "அது ஏமாத்து வேலை. உலகத்தச் சுத்துன்னு சொன்னாங்க, சுத்துனான். வீட்டுலயே கெடந்தவன் அப்பாவையும் அம்மாவையும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்கிட்டான். அப்போ மயில் எதுக்கு? இறக்கை எதுக்கு? வேர்வை எதுக்கு? போட்டியோட விதிய பாதியில மாத்துனவங்களக் கேக்கத் துப்பில்ல, அவனப் பாத்துக் கோவக்காரன்னு சொல்லுதாங்க!"

பேசும்போது ஆதம் சாரின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முடித்தபோது தாளில் முருகன் இருந்தான். உதடு ஒரு பக்கம் இறுகி, இடது புருவம் மட்டும் ஏறி, கண் ஜன்னலோர மேசையைப் பார்த்தபடி.

"கிடைச்சுட்டான்" என்றார்.

அந்த முகத்துக்கு இருநூறு தாள். அத்தனையும் வள்ளித்தாய் கையில்தான். முதல் நாளே சிரித்துவிட்டாள்.

"எக்கா, இங்க பாரேன்! உன் மூஞ்சி அப்படியே! வேலும் கையுமா நிக்கே!"

பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். முத்துவடிவும் சிரித்துவைத்தாள்.

வைகாசி நடுவில் ஆதம் சார் கடல் தாண்டுகிற கட்டை மேசையில் பரப்பினார். தொண்ணூற்றாறு தாள். மயில் அலையைத் தொட்டும் தொடாமலும் பறந்து எழும்பும் இடம். தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக நடுங்கியது. வள்ளித்தாய் மூன்று வாரம் உட்கார்ந்து இழுத்தது. "நாலு நாள்ல இதைப் பிடிச்சிருவோம்" என்றார் ஆதம் சார். "மிஸ், ஒரு விஷயம். மெட்ராஸுக்கு நான் வள்ளியைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். உங்களுக்கு எப்படியும் டீச்சர் வேலை கிடைச்சிரும், இல்லையா?"

"ஆமா சார்" என்றாள் முத்துவடிவு.

மறுநாள் காலை நோட்டைத் திறந்தாள். கடல் கட்டு, தொண்ணூற்றாறு. எதிரே கட்டம் காலியாக இருந்தது. 'கழுவலாம்' என்று எழுதினாள். பழக்கத்தில் பெயரையும் போட்டாள், பி.எஸ்சி.யும் போட்டாள். அடியில் ஒரு கோடும் இழுத்தாள். வாழ்க்கையிலேயே அவள் இழுத்த ஒரே நேர்கோடு அதுதான்.

கட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். தொட்டியில் கழுவுகிற முறை அன்று வள்ளித்தாயுடையது.

"இதக் கழுவிரு."

வள்ளித்தாய் மேல்தாளைத் தூக்கிப் பார்த்தாள். "கடலுல்லா? அதுக்குள்ள பிடிச்சாச்சா?"

"நோட்டுல போட்டிருக்கு. வாசிச்சுக் காட்டணுமா உனக்கு?"

வள்ளித்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அங்கன வை" என்றாள்.

முத்துவடிவு அடுக்களைச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டாள். தண்ணீர் சலசலத்தது. பிறகு இன்னொரு தடவை. அதற்கு மேல் கேட்க முடியாமல் உள்ளே வந்துவிட்டாள். தொட்டியில் நீலமும் பச்சையும் கலங்கிக் கிடந்ததைச் சாயங்காலம் போய்ப் பார்த்தாள். தனக்கு வந்தது சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

நாலாம் நாள் ஆதம் சார் காமிரா விளக்கைப் போட்டுவிட்டுக் கடல் கட்டைத் தேடினார். அலமாரி, மேசை, டிரங்குப் பெட்டி. "மிஸ், கடல் எங்கே?"

சொல்லியிருக்கலாம். நோட்டில் தவறிவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாய் வேறொன்றைச் சொன்னது. "வள்ளிதான் சார் தொட்டியில கழுவிட்டிருந்தா. எழுத்துத் தெரியாத பிள்ள, எதப் பாத்துட்டு எத எடுத்தாளோ."

ஆதம் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டைக் காலி செய்ய ஒன்பது நாள்தான் இருந்தது.

வள்ளித்தாய் எழுந்துபோய், ஓய்வு நேரத்தில் பீடி சுற்ற மூலையில் வைத்திருந்த முறத்தின் மேல் மூடியிருந்த ஈரிழைத் துண்டை எடுத்தாள். அடியில் கடல் இருந்தது.

"ரெண்டு தாள் போச்சு சார். மிச்சம் தொண்ணூத்திநாலும் இருக்கு. போனத மத்தியானத்துக்குள்ள போட்டுத் தந்திருதேன்."

ஆதம் சார் நோட்டை இழுத்துப் புரட்டினார். அந்த வரியில் விரல் நின்றது. பெயரை வாசித்தார், பட்டத்தையும் வாசித்தார். நோட்டை மூடி வள்ளித்தாய் மேசையில் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று இலஞ்சிக்கு இரண்டு பேரும் ஒரே ரோட்டில்தான் நடந்தார்கள். வேறு ரோடு கிடையாது. தென்னந்தோப்பு தாண்டியது. முத்துவடிவுதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "எப்படிட்டி தெரிஞ்சுது? உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே?"

"நோட்ட யாரு வாசிச்சா? உன் மூஞ்சிய இருநூறு தடவ இழுத்திருக்கேன் எக்கா. புருவம் எப்ப ஏறும், உதடு எந்தப் பக்கம் கோணும்னு எனக்குத் தெரியாதா? கட்ட எங்கிட்ட நீட்டும்போது அதே மூஞ்சி. ரெண்டு தாள் முக்கி எடுத்தேன், கை ஓடல. சரி, நீயே சொல்லுவேன்னு நாலு நாளு பாத்தேன்."

"சாயபு கிட்டச் சொல்லவேண்டியதுதானே?"

"சொல்லியிருப்பேன். எங்க அம்மை ஒரு கண்டிசன் போட்டுட்டா. படிச்ச பிள்ள துணைக்கு வந்தாத்தான் மெட்ராஸுக்கு அனுப்புவாளாம். முத்துவடிவு போறாளா, நீயும் போ, இல்லாட்டி பீடியச் சுத்துன்னுட்டா. ஆதம் சாரு கிட்டக் காலையிலயே பேசியாச்சு. மனசில்லாமத்தான் ரெண்டு பேருக்கும் சரின்னாரு. இன்னைக்கு நடந்ததுக்குப் பொறகும் மாத்திச் சொல்லல."

முத்துவடிவு நின்றுவிட்டாள். மெட்ராஸ். கேட்டது கேட்டபடியே வந்திருந்தது. பி.எஸ்சி. படித்தவள் பீடி சுற்றுகிறவளுக்குத் துணையாகப் போக வேண்டும்; அவ்வளவுதான் வித்தியாசம். கள்ளத்தனத்தில்கூட இந்தச் சிறுக்கி என்னை ஜெயித்துவிட்டாளே என்று நெஞ்சு காந்தியது.

"வரமாட்டேன்" என்றாள்.

"சரி. அந்தப் பய கோவிச்சுக்கிட்டு மலையேறிட்டான். உனக்கு அச்சன்புதூர்ல மலை இருக்கா?"

வள்ளித்தாய் தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நில்லு. அங்கன போயி நோட்டு யாரு கையில இருக்கும்?"

"எங்கையில. நீ எழுத்துச் சொல்லிக்குடு. நான் எழுதுதேன்."

முத்துவடிவுக்கு இடது புருவம் ஏறியது. தனக்கே தெரிந்தது, இறக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்த வள்ளித்தாய் அதைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஆனி பிறப்பதற்கு முந்தின நாள் தென்காசி ஸ்டேஷனில் இரண்டு பேரும் ரயில் ஏறினார்கள். ஜன்னலோரத்தை வள்ளித்தாய் பிடித்துக்கொண்டாள்.